கேமுக்குள் ஓடும் காசுக்கும் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலிருந்தே வீடியோ கேம் உருவாக்குவது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, எந்த எஞ்சினில் (கேம் உருவாக்க உதவும் மென்பொருள்) தொடங்குவது, எந்த ஸ்டோரில் விற்பது என்பதையெல்லாம் தெளிவாகச் சொன்னது. கேமுக்குள் புழங்கும் காசைப் பற்றி மட்டும் ஒரே ஒரு வரிதான் இருந்தது: ஆடுபவர்கள் சலித்துப் போகாமல் இருக்கப் பரிசுக் காசைத் தாராளமாகக் கொடுக்க வேண்டுமாம். பலர் சேர்ந்து ஆடி, தங்களுக்குள் பொருள் விற்று வாங்கும் கேம் என்றால், இந்த அறிவுரை ஒரே மாதத்தில் அதைக் கெடுத்துவிடும். ஓய்வு நேரத்தில் கோடிங் செய்பவர்கள் அதிகம் இடறுவது இந்த இடத்தில்தான். அதனால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஓர் அரக்கனைக் கொன்றால் 10 காசு என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 அரக்கர்கள், நாளுக்கு 2 மணி நேரம் என்றால் ஒருவர் கையில் 1,200 காசு சேரும். மருந்து, அம்பு, ஆயுதப் பழுது என்று 300 போனாலும் 900 மிஞ்சும். நூறு பேர் ஆடினால் நாளுக்கு 90,000, முப்பது நாளில் 27 லட்சம். ஒவ்வோர் அரக்கன் சாகும்போதும் புதிதாக அச்சடித்த காசு இது. யார் பையிலிருந்தும் வந்ததல்ல. ஆனால் சந்தையில் இருக்கும் நல்ல வாள்கள் அதே நாற்பதுதான். காசு பெருகி, பொருள் பெருகாவிட்டால் விலை ஏறத்தான் செய்யும். முதல் வாரம் 2,000க்குக் கிடைத்த வாளுக்கு மாதக் கடைசியில் பல மடங்கு கேட்பார்கள். 50 காசோடு புதிதாக வருபவர் சந்தையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அவர் ஏன் போனார் என்று புரியாத டெவலப்பர் பரிசை 20 காசாக உயர்த்துவார். விலை இன்னும் ஏறும்.

பெரிய நிறுவனங்களும் இதிலிருந்து தப்பவில்லை. 'டயாப்ளோ 2'இல் தங்கக் காசை ஒருவரும் மதிக்காமல் போக, 'ஸ்டோன் ஆஃப் ஜோர்டன்' என்ற மோதிரத்தையே ஆடுபவர்கள் பணமாக்கிக்கொண்டார்கள். 'ஈவ் ஆன்லைன்' கேமை நடத்தும் நிறுவனம், அதன் சந்தையைக் கவனிப்பதற்கென்றே 2007இல் ஒரு பொருளாதார நிபுணரை வேலைக்கு வைத்தது.

ஆகவே, காசு பிறக்கும் குழாய் இருந்தால் காசு அழியும் வடிகாலும் இருக்க வேண்டும். இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. ஒருவர் மற்றொருவரிடம் வாள் வாங்கினால் காசு செலவாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அது ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். மொத்தத்தில் ஒரு காசுகூடக் குறையவில்லை. அந்த விற்பனைக்கு 5 சதவீதம் சந்தை வரி போட்டு, அந்த 5 சதவீதத்தை ஆடுபவர் எவர் கணக்கிலும் சேர்க்காமல் அழித்தால்தான் அது வடிகால்.

வடிகாலை மாறாத தொகையாக வைப்பதா, சதவீதமாக வைப்பதா என்பதில் என் கருத்து உறுதியானது: முக்கிய வடிகால் சதவீதமாகத்தான் இருக்க வேண்டும். பழுது பார்க்க 5 காசு என்று வைத்தால் 50 காசு வைத்திருப்பவருக்கு அது பாரம். 5 லட்சம் வைத்திருப்பவர் கவனிக்கக்கூட மாட்டார். சதவீதமாக இருந்தால் சந்தை தானே ஓரிடத்தில் வந்து நிற்கும். மேலே சொன்ன 900 காசு மிச்சத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தன் கையிருப்பில் ஐந்தில் ஒரு பங்கை அன்றாடம் சந்தையில் செலவிடுகிறார், அதற்கு 5 சதவீத வரி என்றால், கையிருப்பில் நாளுக்கு 1 சதவீதம் கரைகிறது. அந்த 1 சதவீதம் 900 காசுக்குச் சமமாகும் இடம் 90,000. சராசரிக் கையிருப்பு அதை நெருங்க நெருங்க ஏற்றம் தணிந்துவிடும். கோடிங் எதுவும் செய்யாமல் எக்செல் தாளில் 365 வரிசை இழுத்தே இதைப் பார்த்துவிடலாம். 90,000 அதிகம் என்று தோன்றினால் வரியை 10 சதவீதமாக்குங்கள், 45,000இல் நிற்கும். ஆனால் சும்மா கிடக்கும் கையிருப்பின் மேல் மட்டும் கை வைக்காதீர்கள். பத்து நாள் ஊரில் இல்லாமல் திரும்பி வருபவர், பையில் காசு குறைந்திருப்பதைக் கண்டால் மறுபடி வரமாட்டார்.

இதே பாடம் கேமுக்கு வெளியிலும் உண்டு. 2023 செப்டம்பரில், கேம் எஞ்சின் தயாரிக்கும் யூனிட்டி நிறுவனம், குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய கேம்களுக்கு ஒவ்வோர் இன்ஸ்டாலுக்கும் 20 சென்ட் வரை கட்டணம் என்று அறிவித்தபோது டெவலப்பர்கள் கொதித்ததற்கு இதுவும் ஒரு காரணம். வருமானத்தில் இத்தனை சதவீதம் என்றால் எவரும் சமாளிப்பார்கள். இலவச கேமில் ஓர் இன்ஸ்டாலுக்கு விளம்பரத்தால் 10 சென்ட் மட்டுமே வருகிறவர், 20 சென்ட் கட்டணத்தை எங்கிருந்து கட்டுவார்? ஓராண்டில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

அடுத்தது கடைக்காரர். கணினியே நடத்தும் கடையில் ஒரு கேடயம் 100 காசுக்கு விற்கப்படுகிறது. திருப்பிக் கொடுத்தால் 75 கிடைக்கும். பார்த்தால் பாதுகாப்பாகத்தான் தெரிகிறது. பிறகு ஒரு நாள் பேரம் பேசும் திறமை என்று ஒன்றைச் சேர்க்கிறோம்: வாங்கும்போது 20 சதவீதம் தள்ளுபடி, விற்கும்போது 10 சதவீதம் கூடுதல். இப்போது வாங்கும் விலை 80, விற்கும் விலை 82.5. ஒரு கேடயத்துக்கு இரண்டரைக் காசு லாபம், எத்தனை முறை வேண்டுமானாலும். இதற்கென்று ஒரு ஸ்கிரிப்ட் எழுதி இரவு முழுக்க ஓட விடுபவர் ஒருவராவது இருப்பார். எல்லாத் தள்ளுபடியும் சேர்ந்த மிகக் குறைந்த வாங்கும் விலை, எல்லாச் சலுகையும் சேர்ந்த மிக அதிக விற்கும் விலையைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று ஒவ்வொரு பொருளுக்கும் சோதிக்கும் டெஸ்ட்டைத் திறமைகளைச் சேர்ப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். மூலப்பொருளை வாங்கி, செய்து, விற்கும் பாதைக்கும் இதே சோதனை தேவை. நான்கு இரும்பு 40 காசு, அதில் செய்த வாளைக் கடை 50க்கு எடுக்கிறது என்றால் அதுவும் ஓயாமல் ஓடும் குழாய்தான்.

கோடில் காசை எப்போதும் முழு எண்ணாக வையுங்கள். தசம எண்களுக்கான 32 பிட் ஃப்ளோட்டில் வைத்தால் 1,67,77,216ஐ எட்டியதும் அதோடு 1ஐக் கூட்டினாலும் எண் நகராது; ஒவ்வொரு காசாகச் சேர்ப்பவருக்குக் காசு சேராது, எந்த எரர் செய்தியும் வராது. முழு எண்ணிலும் 32 பிட் போதாது: அதன் உச்சம் 214,74,83,647. 2013 மே மாதம் 'டயாப்ளோ 3'இன் ஏலச் சந்தையில், ஒரே நேரத்தில் விற்பனைக்கு வைக்கும் தங்கத்தின் அளவை 10 லட்சத்திலிருந்து 1 கோடியாக உயர்த்திய பேட்ச் (கேமைத் திருத்தும் அப்டேட்) வந்தவுடன் எண் வரம்பு மீறி, தங்கம் இல்லாத இடத்திலிருந்து முளைத்தது. சந்தையையே அன்று மூட வேண்டியதாயிற்று. 64 பிட் எடுத்துக்கொண்டால் இந்தக் கவலை இல்லை. வரியைக் கணக்கிடும்போது பின்னத்தை மேல்நோக்கி முழுமையாக்குங்கள். கீழ்நோக்கி வெட்டினால் 19 காசு விற்பனைக்கு 5 சதவீத வரி 0.95, அதாவது பூஜ்யம். உடனே எல்லோரும் சரக்கை 19 காசுத் துண்டுகளாக விற்கத் தொடங்கிவிடுவார்கள்.

விலையை சர்வர்தான் (கேமை நடத்தும் மையக் கணினி) தீர்மானிக்க வேண்டும், கேட்கும் எண்ணிக்கையையும் அதுவே சரிபார்க்க வேண்டும். ஆடுபவரின் கணினி அனுப்பும் எண்ணை நம்பினால், 'மைனஸ் 5 ஆப்பிள் வேண்டும்' என்று கேட்டு, கழிய வேண்டிய விலையையும் மைனஸாக்கி, ஒருவர் காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பையில் இருக்கும் தொகையை மட்டும் சேமிப்பதோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு நகர்வையும் ஒரு பதிவாக எழுதுங்கள்: நேரம், யாரிடமிருந்து, யாருக்கு, எவ்வளவு, எதற்கு. அரக்கன் தரும் காசு 'கஜானா' என்ற கணக்கிலிருந்து வருவதாகவும், வரி அங்கேயே திரும்புவதாகவும் எழுதினால், எல்லாக் கணக்குகளின் கூட்டுத்தொகை எப்போதும் பூஜ்யம். கஜானா எவ்வளவு மைனஸில் இருக்கிறதோ அதுவே புழக்கத்தில் இருக்கும் மொத்தக் காசு. பற்றும் வரவும் டேட்டாபேஸில் ஒரே டிரான்ஸாக்‌ஷனாக, அதாவது இரண்டும் சேர்ந்து நடக்கும் அல்லது இரண்டுமே நடக்காது என்றபடி, பதியட்டும். பரிமாற்றத்தின் நடுவில் ஒருவர் இணைப்பைத் துண்டித்துப் பொருளை இரண்டாக்கும் பழைய தந்திரம் பெரும்பாலும் பற்றுக்கும் வரவுக்கும் நடுவிலான இடைவெளியில்தான் நடக்கிறது.

நிஜப் பணம் கொடுத்து வாங்கும் வைரம், ரத்தினம் பற்றி ஒரு வேண்டுகோள். 80 ரத்தினம், 500 ரத்தினம் என்று கட்டுகளாக விற்றுவிட்டு, உடைக்கு 90 விலை வைப்பதைப் பல கேம்களில் பார்க்கலாம். இரண்டாவது கட்டு வாங்க வைப்பதற்கும், உடையின் உண்மை விலை மனதில் பதியாமல் இருப்பதற்கும் செய்யும் ஏற்பாடு இது. சிறுவர்கள் ஆடும் கேமில் இதைச் செய்வது தவறு என்றே சொல்வேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் பெட்டிகளுக்கு, ஒவ்வொரு வகைப் பொருளும் கிடைக்கும் வாய்ப்பை வெளியிட வேண்டும் என்று ஆப்பிள் 2017 டிசம்பரிலேயே விதி கொண்டுவந்தது. பெல்ஜியம் 2018இல் சில கேம்களின் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது.

உங்கள் நாளிதழ் கேம் விமர்சனங்களும் வெளியிடுகிறது. இனி ஒவ்வொரு விமர்சனத்தோடும் ஒரு சிறு கட்டம் சேருங்கள். கேமின் விலை, உள்ளே விற்கும் மிக விலையுயர்ந்த பொருளுக்கு ரத்தினக் கணக்கில் அல்லாமல் நிஜப் பணத்தில் ஆகும் செலவு, பெட்டியில் அது கிடைக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் ஆகிய மூன்றும் அதில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு நேரத்தில் கேம் எழுதும் வாசகர்