சளியில் கிருமி இல்லையென்றால் கவலை இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு நலவாழ்வுப் பக்கத்தில், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஒரு அறிவுரை: 'இருமல் இருந்தாலும் சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இல்லையென்றால் கவலைப்பட வேண்டாம். எதிர்ப்புச் சக்தி தரும் உணவுகளைச் சாப்பிட்டால் போதும்.' பணிக்காலம் முழுக்க அரசு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் சளி ஸ்லைடு பார்த்தவன் நான். நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும் காசநோய்க் கிருமியைத் தேடித் தேடியே கண் மங்கிப்போனது. அந்த வரியை எழுதியவர் ஒரு ஸ்லைடையாவது பார்த்திருப்பாரா என்று கேட்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

காசநோய்க் கிருமியை நுரையீரலில் விழுங்கி வைத்திருப்பவை மேக்ரோபேஜ் என்ற எதிர்ப்புச் சக்தி அணுக்கள். விழுங்கியதைக் கொல்லும்படி அவற்றை உசுப்பிவிடுபவை சிடி4 என்ற வெள்ளை அணுக்கள். இந்தச் சண்டை முற்றித்தான் நுரையீரலில் குழி விழுகிறது. அங்கிருந்துதான் கிருமி ஏராளமாகச் சளிக்கு வருகிறது. சிடி4 அணுக்களையே எச்.ஐ.வி. அழித்துவிட்டால் சண்டை ஏது, குழி ஏது? நோய் உடம்பெங்கும் பரவியிருந்தாலும் ஸ்லைடு சுத்தமாக இருக்கலாம். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல.

என் தங்கை கணவருக்கு நடந்தது இதுதான். ஒரு தனியார் மருத்துவமனையில் 'சளியில் ஒன்றுமில்லை' என்று டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கழுத்தில் நெறி கட்டி, அதில் ஊசி குத்தி எடுத்துப் பார்த்த பிறகுதான் காசநோய் என்று தெரிந்தது. அதற்குள் ரத்தத்தில் எச்.ஐ.வி. அளவும் எகிறியிருந்தது. எகிறாமல் என்ன செய்யும்? காசநோயின் அழற்சி, அணுவுக்குள் அடங்கிக் கிடக்கும் எச்.ஐ.வி.யைத் தட்டி எழுப்பிவிடும். கிருமியோடு சண்டைக்கு வரும் சிடி4 அணுக்களே அதற்கு இரையாகும். போதாததற்கு, காசநோய்ச் சூழலில் மேக்ரோபேஜ் அணுக்கள் ஒன்றையொன்று மெல்லிய குழாய்களால் இணைத்துக்கொள்கின்றன, அவற்றின் வழியாகவும் எச்.ஐ.வி. பரவுகிறது என்று பிரான்ஸ், அர்ஜென்டினா ஆய்வாளர்கள் 2019-இலேயே காட்டிவிட்டார்கள். உங்கள் கட்டுரையாளர் முருங்கைக்கீரையோடு நிறுத்திக்கொண்டார். (முருங்கைக்கீரை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.)

அப்புறம் கட்டுரையோடு போட்ட அந்தப் படம். எச்.ஐ.வி. என்றாலே உங்களுக்கு நெடுஞ்சாலையும் லாரியும்தான். நாமக்கல்காரர்கள் இதை எத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருப்பது? என் தங்கை கணவர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர். அவரும் உங்கள் வாசகர்தான். அன்று அந்தப் பக்கத்தை மட்டும் உருவி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், வீட்டுப் பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது என்று. தலைப்பு 'ஆட்கொல்லி நோய்' ஆயிற்றே! நம் நாட்டில் தாம்பரம் உட்பட எட்டு மையங்களில், எச்.ஐ.வி.யை அடக்கிவைக்கும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகத் தொடங்கியது 2004-இல். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுப் பேரன் பேத்தி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை இன்றும் அதிகம் வாங்குவது காசநோய். குணப்படுத்தக்கூடிய காசநோய்!

முன்பும் ஒருமுறை எழுதினேன். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் டோலுடெக்ராவிரின் என்ற எச்.ஐ.வி. மருந்தின் வேகம் குறையும், அதை ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளை தர வேண்டும் என்பதை உங்கள் கட்டுரை விட்டுவிட்டது என்று ஒரு முழுப் பக்கம். 'கட்டுரை அருமை' என்று சுருக்கி என் பெயரோடு வெளியிட்டீர்கள். நன்றி.

சரி, இப்போது கேட்பது இவ்வளவுதான். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை இதில் எது இருந்தாலும், ஸ்லைடில் கிருமி இல்லை என்று சொன்னாலும், ஏ.ஆர்.டி. மையத்தில் சொல்லி, காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம். காசநோய் இல்லையென்று உறுதியானால், அது வராமல் தடுக்கும் மாத்திரை பற்றிக் கேட்க வேண்டும். இந்த நாலு வரியை அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் போடுங்கள். இடம் போதாவிட்டால் லாரியை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
நாமக்கல்.