அரக்கர்களுக்கும் அரங்கைத் திறந்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய பொது அரங்க நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். கடந்த சனிக்கிழமை மாலை நாங்கள் நடத்தவிருந்த பழைய அரக்கர் படத் திரையிடலுக்கு நீங்களே கொடுத்திருந்த அனுமதியைப் படம் தொடங்கவிருந்த வேளையில் திரும்பப் பெற்றுக்கொண்டீர்கள். "தரமற்ற பேய்ப்படங்களுக்கு இங்கே இடமில்லை" என்று வாயிற்காவலர் மூலம் சொல்லி அனுப்பினீர்கள். எழுத்தில் ஒரு வரிகூட இல்லை. குளச்சலிலிருந்தும் முட்டத்திலிருந்தும் பஸ் ஏறி நாகர்கோவில் வந்த பிள்ளைகளை வாசலில் நின்று திருப்பி அனுப்பும் வேலை எங்களுக்கு வாய்த்தது. எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, முன்பு போலவே அரங்கை எங்களுக்குத் தாருங்கள்.

படம் நின்றதைவிட எனக்கு ஆறாத விஷயம் வேறு. குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டும் ஒருவரின் மகள், கல்லூரி மாணவி, அன்றைக்குக் காட்சிக்கு வைப்பதற்காக ஒரு கடல் அரக்கனின் தலையைச் செய்து கொண்டுவந்திருந்தாள். முதலில் களிமண்ணில் தலையை வடித்து, அதன்மேல் பிளாஸ்டர் அச்சு எடுத்திருக்கிறாள். உறையாமல் இருக்க அம்மோனியா கலந்த பாலை அச்சுக்குள் ஊற்றி, காயவிட்டு, மறுபடியும் ஊற்றி, தோல்மேல் தோலாகக் கனம் சேர்த்திருக்கிறாள். இரண்டு பக்கமும் செவுள்கள் விசிறி போல விரிந்திருந்தன. பிற்பகலிலேயே கொண்டுவந்த அதை உள்ளே வைக்கக் கூடாது என்று உங்கள் ஊழியர் எடுத்துப்போய் வண்டி நிறுத்தும் இடத்தில் வெயிலில் வைத்துவிட்டார். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தாத ரப்பர் வெயிலில் இளகும் என்பது இந்த மாவட்டத்தில் சிறு பிள்ளைக்கும் தெரியும். செவுள் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, பிரித்தபோது கிழிந்தன. அந்தப் பெண் யாரையும் குறை சொல்லவில்லை. "அடுத்த மாதம் படம் உண்டா?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் உங்களிடம் இருக்கிறது.

தரமற்றவை என்கிறீர்கள். அன்று திரையிடவிருந்த 'தி கில்லர் ஷ்ரூஸ்' 1959ஆம் ஆண்டுப் படம். உணவுப் பற்றாக்குறைக்குத் தீர்வாக மனிதர்களைச் சிறிதாக்க முடியுமா என்று ஒரு தீவில் ஆராய்கிறார் விஞ்ஞானி. ஆராய்ச்சி திசைமாறி மூஞ்சூறுகள் நாய் அளவுக்கு வளர்ந்துவிடுகின்றன. புயல் வந்து தீவைத் துண்டிக்கிறது. கையில் பணம் இல்லாததால் உண்மையான நாய்களுக்கே வேடம் கட்டி ஓடவிட்டிருக்கிறார்கள்; அருகில் காட்டும்போது மட்டும் கைப்பொம்மை. நாய் என்பது நமக்குத் தெரிகிறது. தெரிந்தும், இரவில் மண்சுவரை அவை சுரண்டும் ஓசை கேட்கும்போது கால்களை இருக்கைக்கு மேலே இழுத்துக்கொள்கிறோம். கடைசியில் தகரப் பீப்பாய்களைச் சேர்த்துக் கட்டி, அவற்றுக்குள் குனிந்தபடியே நடந்து கடற்கரைக்குத் தப்புகிறார்கள். படத்தில் தப்புகிறவர்களும் அதை எடுத்தவர்களும் கையில் கிடைத்ததை வைத்தே காரியத்தை முடித்தவர்கள். இந்தப் படங்களின் அழகு அங்கேதான் இருக்கிறது. கோடிகளில் கணினி வரைந்து தரும் அரக்கனைப் பார்க்கும் பிள்ளை வியந்துவிட்டுப் போகும். ரப்பர் உடையின் மடிப்பு தெரியும் அரக்கனைப் பார்க்கும் பிள்ளை வீட்டுக்குப் போய்க் களிமண் பிசையும். குலசேகரத்துப் பெண் பிசைந்தாள்.

1954இல் வந்த 'கிரீச்சர் ஃபிரம் தி பிளாக் லகூன்' படத்தின் செவுள் மனிதனை வடிவமைத்தவர் மிலிசென்ட் பேட்ரிக் என்ற பெண். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. எழுபது ஆண்டுகள் கழித்தும், அரக்கனைச் செய்த பெண்ணுக்கு வாசலுக்கு வெளியேதான் இடம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்பது நீங்கள் வாய்மொழியாகச் சொன்ன இன்னொரு காரணம். கொடைவிழா இரவுகளில் தாயின் மடியில் படுத்துக்கொண்டு வில்லுப்பாட்டில் இசக்கியின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பழிவாங்கும் பெண்ணின் கதைக்கு நடுங்கினோம். அவளுக்கு இழைக்கப்பட்ட அநீதியையும் அதே இரவில் தெரிந்துகொண்டோம். அரக்கர் படங்களும் அச்சத்தின் வழியாகவே பெரிய விஷயங்களைப் பேசின. 1954 மார்ச்சில் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின்மேல் விழுந்தது. இருபத்து மூன்று மீனவர்கள் கதிரியக்கத்துக்கு ஆளானார்கள். அதே ஆண்டு நவம்பரில் 'காட்ஸில்லா' வெளியானது. அது மலிவாக எடுத்த படம் அல்லதான். ஆனால் குண்டுச் சோதனையால் விழித்தெழும் அந்த மிருகமும் ரப்பர் உடைக்குள் நடந்த ஒரு மனிதர்தான். மணவாளக்குறிச்சியின் கதிரியக்கம் கொண்ட மோனசைட் மணலில் கால் பதித்து நடப்பவர்களுக்கும், ஓகிப் புயலில் திரும்பி வராத படகுகளுக்காகக் கரையில் காத்திருந்தவர்களுக்கும் அந்தக் கதையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே அரங்கில் தள்ளுபடித் துணி விற்பனை வாரக்கணக்கில் நடக்கிறது. பணத்தை இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொல்பவர்களுக்கும் மேடை கிடைக்கிறது. அங்கெல்லாம் தரம் பார்க்கப்பட்டதாக நாங்கள் கேள்விப்படவில்லை. மாலை ஆனால் இளைஞர்கள் போய் உட்காரப் பொது இடம் எங்கே இருக்கிறது? கைப்பேசியிலேயே கிடக்கிறார்கள் என்று மேடைதோறும் வருந்துகிறோம். ஒரே இருட்டில் சேர்ந்து அமர்ந்து, சேர்ந்து அலறி, முடிந்ததும் வெளியே நின்று விவாதிக்கும் ஒரு மாலையையும் பூட்டிவிடுகிறோம். வரி கட்டும் மக்களின் கட்டடம் அது.

கோபம் வரம்பு மீறியிருந்தால் பொறுத்தருளுங்கள். உங்களில் பலர் இந்த அரங்குக்காக உழைத்தவர்கள் என்பதை நாங்கள் அறிவோம். பட்டியலை முன்கூட்டியே தருகிறோம். சிறுவர்களுக்கு ஏற்ற படங்களையும் பெரியவர்களுக்கு மட்டுமான படங்களையும் பிரித்தே திரையிடுகிறோம். 1968இல் வெளியான 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' போன்ற கடுமையான படத்துக்குச் சிறுவர்களை அனுமதிக்க மாட்டோம். துப்புரவுச் செலவும் மின்கட்டணமும் எங்கள் பொறுப்பு. விரும்பினால் ஒரு படத்தை முதலில் உங்கள் குழுவுக்கே போட்டுக் காட்டுகிறோம். பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

மாதம் ஒரு சனிக்கிழமை மாலை அரங்கைத் திருப்பித் தாருங்கள். தர இயலாது என்றால், எந்த விதியின்படி என்று எழுத்தில் தெரிவியுங்கள். அந்த மாணவி புதிய தலைக்கு அச்சு எடுக்கத் தொடங்கிவிட்டாள். இந்த முறை அதை உள்ளே, நிழலில் வைக்க ஒரு மேசை ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாதத் திரையிடலை நடத்தும் நண்பர்கள் சார்பில் ஒருவன்
நாகர்கோவில்