ஞாயிறு பயணம்: வானிலை குறித்து

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். அந்தமானின் ஹேவ்லாக் தீவில் (2018 முதல் சுவராஜ் தீவு) எலிஃபண்ட் கடற்கரைக்குச் செல்லும் காட்டுப்பாதை, மழைக்குப் பின் சேறாகி வழுக்கும் என்பதால், பிடிப்புள்ள காலணி அணிந்து வருமாறு கேட்டுக்கொள்கிறோம். ரப்பர் செருப்பு அங்கே உதவாது. காற்று அடங்கினாலும் நீர் உடனே தெளிந்துவிடாது. ஆகவே கடலில் இறங்கலாமா என்பதை முக்குளிப்புப் பயிற்றுநரே முடிவு செய்வார், அதில் பேரம் பேச வேண்டாம்.

சிலிண்டருடன் முக்குளிப்போரின் உடலில் கரையும் நைட்ரஜன் மெதுவாகவே வெளியேறும், விமானத்தில் காற்றழுத்தம் குறையும்போது அது குமிழிகளாகித் தீங்கு செய்யலாம் என்பதால், முக்குளித்தபின் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும். கடல் கொந்தளித்தால் போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) திரும்பும் கப்பலும் ரத்தாகக்கூடும். எனவே திங்களன்று விமானச் சீட்டு எடுத்தவர்கள் செவ்வாய்க்கு மாற்றிக்கொள்ளவும்.