ஃப்ரிட்ஜுல பாத்த குப்பி பத்தி தம்பிக்கு

தம்பி,

ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல நீ தயிர் எடுக்க ஃப்ரிட்ஜ திறந்தப்ப, நான் குடுத்துவிட்ட புளிக்காய்ச்சல் டப்பா பக்கத்துல நீல மூடி போட்ட சின்னக் குப்பி அஞ்சாறு நின்னுச்சு. அப்ப ஒண்ணும் கேக்கல, மருமக பக்கத்துல இருந்தா. மறுநாள் கேட்டப்ப மறைக்காம சொன்ன பாரு, அதுக்கு சந்தோஷம்பா. முட்டி வலிக்கு பிபிசி-157, எடை குறைய செமாக்ளூடைட், ரெண்டும் பெப்டைடு (புரோட்டீனோட சின்னத் துண்டு மாதிரி), ஆன்லைன்ல வாங்குனது, "99 பர்சன்ட் ப்யூர்மா, டெஸ்ட் ரிப்போர்ட்டே இருக்கு"ன்ன. நீ அனுப்புன ரிப்போர்ட்ட ரெண்டு நாளா திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருக்கேன். போன்ல சொன்னா "சரிம்மா சரிம்மா"ன்னு வச்சிருவ, அதான் எழுதுறேன், பெருசா இருந்தாலும் முழுசா படி.

முதல்ல ஒண்ணு. 2018 செப்டம்பர்ல ஆன்லைன் மருந்து விக்கிறத எதிர்த்து நாடு முழுக்க மெடிக்கல் ஷாப் அடைச்சாங்களே, அன்னிக்கு நம்ம கடை ஷட்டரையும் இறக்குனோம், உனக்கு ஞாபகம் இருக்கும். அதனால அம்மாவுக்கு ஆன்லைன்னாலே ஆகாதுன்னு நெனைச்சிராத. அப்பாவோட சுகர் மாத்திரையே இப்ப ஆன்லைன்லதான் வருது, டாக்டர் சீட்ட அப்லோட் பண்ணி, பில்லோட, பேட்ச் நம்பரோட வருது. வீட்டுக்கு வர்றதுல அம்மாவுக்கு ஒரு பிரச்சனையும் இல்ல, அனுப்புனவன் யாருன்னு தெரியணும், அவ்வளவுதான்.

உன் ரிப்போர்ட்டுக்கு வர்றேன். அந்த 99, ஹெச்பிஎல்சிங்கற, கலந்திருக்கறத தனித்தனியா பிரிச்சுக் காட்டுற லேப் டெஸ்ட்ல வர்ற நம்பர். குப்பிக்குள்ள இருக்கற பெப்டைடுல எவ்வளவு அதே பெப்டைடு, எவ்வளவு உடைஞ்சது, கலந்ததுன்னு மட்டும்தான் அது சொல்லும். அரிசில கல் இல்லன்னு ஒருத்தன் எழுதிக் குடுக்குறான்னு வச்சுக்க, மூட்டைல எத்தன படி இருக்குன்னு அவன் சொல்லல, குடோன்ல எலி ஏறுச்சான்னும் சொல்லல. நீ ஊசில ஏத்துறதுக்கு தெரிய வேண்டியது இந்த ரெண்டும்தான். எத்தன மில்லிகிராம் இருக்கு, கிருமி இருக்கா, எண்டோடாக்சின் இருக்கா. எண்டோடாக்சின்கிறது செத்துப்போன பாக்டீரியா விட்டுட்டுப் போற நஞ்சு, கிருமிய வடிகட்டுனாலும் இது நிக்கும், தண்ணிய கொதிக்க வச்சாலும் போகாது, உடம்புல ஏறுனா குளிர் ஜுரம் வரும், ரொம்ப இருந்தா பிரஷர் இறங்கிரும். உன் ரிப்போர்ட்ல அந்த டெஸ்டும் இல்ல, கிருமி இருக்கான்னு பாக்குற ஸ்டெரிலிட்டி டெஸ்டும் இல்ல. அதுக்கு மேல, ரிப்போர்ட்ல இருக்கற லாட் நம்பரும் (பேட்ச் நம்பர்தான்) நீ அனுப்புன போட்டோல குப்பி மேல இருக்கறதும் வேற வேற தம்பி, நான் மூணு தடவ பாத்துட்டேன். லாட் நம்பர் ஒத்துப்போயிருந்தாலும், லேபுக்கு போன குப்பிய அனுப்புனது விக்கிறவன்தானே, அவன் நல்லதா ஒண்ண பொறுக்கி அனுப்பிட்டு உனக்கு வேறத அனுப்புனா லேபுக்கு எப்படித் தெரியும்.

இது அம்மாவா பயந்து சொல்றது இல்ல. 2024ல ஜாமா நெட்வொர்க் ஓப்பன்கிற மெடிக்கல் ஜர்னல்ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. சீட்டு கேக்காத ஆன்லைன் கடைங்க 6ல செமாக்ளூடைட் ஆர்டர் போட்டாங்க. 3 கடைல இருந்து சரக்கே வரல, கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சு இன்னும் பணம் கட்டுன்னு கேட்டிருக்கானுங்க. வந்த மூணுலயும் லேபிள்ல 99 பர்சன்ட்னு போட்டிருந்துச்சு, டெஸ்ட் பண்ணா 7ல இருந்து 14 வரைதான், ஆனா மருந்தோட அளவு மட்டும் லேபிள்ல சொன்னத விட 29ல இருந்து 39 பர்சன்ட் அதிகம், எண்டோடாக்சினும் இருந்துச்சு. அழுக்கும் கூட, டோஸும் கூட, யோசிச்சுப் பாரு. 2023ல ஆஸ்திரியாவுல போலி ஓசெம்பிக் (செமாக்ளூடைட் ஊசியோட பிராண்ட் பேரு) போட்டவங்க சுகர் படபடன்னு இறங்கி ஃபிட்ஸ் வந்து ஆஸ்பத்திரில சேந்தாங்க, உள்ள இன்சுலின் இருந்திருக்கும்னு அந்த ஊர் அதிகாரிங்க சந்தேகப்பட்டாங்க.

உனக்கு ஒண்ணு சொன்னதே இல்ல. 98ல, நீ கைக்கொழந்த, தெரிஞ்ச ஆள் ஒருத்தர் ஆன்டிபயாடிக் ஊசி மருந்து கொண்டுவந்தாரு, பில் இல்லாம எடுத்தா விலை கம்மின்னு. கடை ஆரம்பிச்ச புதுசு, வட்டி கட்டணும், எடுத்துட்டேன். பத்து நாள்ல எதுத்தாப்ல கிளினிக் வச்சிருந்த டாக்டர் கூப்பிட்டு, ஏம்மா உங்க கடை ஊசி போட்ட மூணு பேருக்கு ஜுரமே இறங்கலன்னாரு. அப்பதான் எடுத்துப் பாக்குறேன், அட்டைப்பெட்டில ஒரு பேட்ச், குப்பில வேற பேட்ச். அந்த ஆளுக்கு போன் அடிச்சா போகல, பில் இல்ல, எங்க போய் கேக்குறது, யாருகிட்ட திருப்பிக் குடுக்குறது. அதுல ஒரு பாட்டிய தஞ்சாவூர் கொண்டுபோய் சேக்குற மாதிரி ஆயிருச்சு. பொழச்சு வந்துட்டாங்க. ஆனா அவங்க பையன் என்னைப் பாத்த பார்வை இன்னும் மறக்கல, அவருக்கு சொல்ல என்கிட்ட ஒரு வார்த்தையும் இல்ல. அன்னில இருந்து கடைய மூடுற வரைக்கும் பில் இல்லாம ஒரு அட்டை எடுத்தது இல்ல.

லைசென்ஸ் இருக்கற கம்பெனி மட்டும் யோக்கியமான்னு நீ கேப்ப. நியாயம்தான். 2025 செப்டம்பர், அக்டோபர்ல காஞ்சிபுரம் பக்கத்துல செஞ்ச இருமல் சிரப்ப குடிச்சு மத்தியப் பிரதேசத்துல எத்தன பிஞ்சுக செத்துச்சு, அத நெனைச்சா இன்னிக்கும் வயிறு எரியுது. டெஸ்ட் பண்ணப்ப 48.6 பர்சன்ட் டைஎத்திலீன் கிளைக்கால், கிட்னிய கெடுக்குற விஷம். ஆனா பாட்டில்ல எஸ்ஆர்-13னு பேட்ச் இருந்துச்சு, கம்பெனி அட்ரஸ் இருந்துச்சு, அத வச்சுத்தான் இங்க சாம்பிள் எடுத்தாங்க, விக்கக்கூடாதுன்னாங்க, ஓனர பிடிச்சாங்க. போன உசுரு திரும்பல, ஆனா அடுத்த கொழந்தைக்கு போகாம நிறுத்த ஒரு வழி இருந்துச்சு. உன் குப்பில "ரிசர்ச் யூஸ் ஒன்லி, மனுசங்களுக்கு இல்ல"ன்னு போட்டிருக்கே, அதுக்கு என்ன அர்த்தம்னா ஒண்ணு ஆயிட்டா "நான்தான் போடாதன்னு எழுதியிருந்தேனே"ன்னு அவன் கைய விரிக்கிறதுக்கு இப்பவே எழுதி வச்சுட்டான். இப்படி லேபிள் ஒட்டி விக்கிறவங்களுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 டிசம்பர்ல வார்னிங் லெட்டரே அனுப்புச்சு. ரிவ்யூ நல்லா இருக்குங்கற, எடை குறைஞ்சவன் எழுதுவான், ஜுரத்துல படுத்தவன் அதுக்கு குப்பிதான் காரணம்னே தெரியாம இருப்பான்.

இனிமே எந்த மருந்து வாங்குனாலும் இதப் பாரு. சீட்டு கேக்குறானா. கேக்கலன்னா அங்கேயே விட்டுரு, மேல பாக்க வேண்டாம். பார்மசிஸ்ட்கிட்ட போன்ல பேச முடியுதா, நீ இருக்கற அமெரிக்காவுலயே அட்ரஸ் இருக்கா, உங்க ஸ்டேட் பார்மசி போர்ட் சைட்ல அந்தக் கடை லைசென்ஸ் வருதான்னு நீயே தேடு, அவன் குடுக்குற லிங்க்க அமுக்காத. வெப்சைட் பேரு டாட் பார்மசின்னு முடிஞ்சா அது அங்க பார்மசி போர்டுகளோட சங்கமான என்ஏபிபி சரிபாத்து குடுக்குறது. கிரிப்டோல குடு, டெலிகிராம்ல வான்னா ஓடிரு. குளிர்ல வைக்க வேண்டிய ஊசி மருந்துன்னா ஐஸ் பேக்கோட வருதான்னு பாரு, உனக்கு வந்தது வெறும் கவர்ல வந்துச்சுன்னு நீயேதான் சொன்ன.

பிபிசி-157க்கு எஃப்டிஏ ஒப்புதல் குடுத்ததே இல்ல, விளையாட்டுக்காரங்க போடக்கூடாதுன்னு ஊக்கமருந்து தடுப்பு உலக அமைப்பான வாடா (WADA) 2022லயே தடை பண்ணிருச்சு. அதுக்கு நல்ல கடைன்னு தேடாத, முட்டிய ஒரு ஆர்த்தோகிட்ட காட்டு. எடை விஷயம் வேற, அது நெசமாவே மருந்து, உனக்கு தேவையாவும் இருக்கலாம், தாத்தாவுக்கு சுகர், அப்பாவுக்கு சுகர். காசுதான் பிரச்சனைன்னா கம்பெனியே இன்சூரன்ஸ் இல்லாம வாங்குறவங்களுக்கு நேரடியா கம்மி விலைக்கு குடுக்குது, லில்லி கம்பெனி 2024 ஆகஸ்ட்ல இருந்து ஜெப்பவுண்டுங்கற எடை குறைக்கற ஊசி மருந்த குப்பிலயே விக்குது, டாக்டர்கிட்ட கேளு. அப்பவும் பத்தலன்னா அம்மா அனுப்புறேன், கடைய வித்த பணம் பேங்க்லதான் கெடக்கு, கேக்க வெக்கப்படாத. குண்டா இருக்கேன்னு டாக்டர் திட்டுவாருன்னு நீ போகாம இருக்க, எனக்குத் தெரியும்.

இப்போதைக்கு ஊசிய நிறுத்து. குப்பிய தூக்கிப் போட்டுராத, அப்படியே கவர்ல வச்சு டாக்டர்கிட்ட கொண்டுபோ, எத்தன யூனிட் இழுத்தன்னும் சொல்லு, இன்சுலின் சிரிஞ்சுல இருக்கற யூனிட்டையும் மில்லிகிராமையும் குழப்பி அஞ்சுல இருந்து இருபது மடங்கு வரைக்கும் போட்டுக்கிட்டவங்க இருக்காங்கன்னு எஃப்டிஏவே 2024ல சொல்லியிருக்கு. போட்ட எடம் செவந்து சூடா இருந்தாலோ, குளிர் ஜுரம் வந்தாலோ, வயித்துல ஆரம்பிச்சு முதுகுக்கு போற மாதிரி வலி வந்தாலோ காலைல பாத்துக்கலாம்னு படுக்காத, எமர்ஜென்சிக்கு போ.

மருமககிட்டயும் சொல்லிரு, அவளுக்குத் தெரியாம வேண்டாம். அப்பாயின்ட்மென்ட் என்னிக்குன்னு மட்டும் மெசேஜ் போடு, இங்க ராத்திரியா இருந்தாலும் பரவால்ல, போன தலைமாட்டுலதான் வச்சிருக்கேன்.

அம்மா