கொட்டகை காலியாகக் கிடந்தால்...

ஆசிரியர் அவர்களுக்கு,

ஊரக வறுமையைக் குறைக்கத் தனியார் வேளாண் நிறுவனங்களில் முதலீடு பெருக வேண்டும் என்ற தங்கள் தலையங்கம் படித்தேன். உண்மைதான்; மானாவாரி பொய்த்த பல்லடம், உடுமலை வட்டாரத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது கறிக்கோழிப் பண்ணைகளே. ஆனால் இவை கோழி நிறுவனங்களுடன் ஒப்பந்தம் போட்டு நடப்பவை; குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்தினுடையவை. கொட்டகையும் கடனும் உழைப்பும் விவசாயியுடையவை. கடந்த கோடையில் நிறுவனம் குஞ்சு தராததால் எங்கள் கொட்டகை இரண்டு மாதம் காலியாகக் கிடந்தது. குஞ்சுகளுக்குப் படுக்கையாக விரித்த தேங்காய் நார்த்தூள் அப்படியே காய்ந்தது. வங்கித் தவணை மட்டும் தவறாமல் வந்தது.

ஒப்பந்தப் பண்ணையத்துக்குத் தமிழ்நாட்டில் 2019-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆண்டுக்கு எத்தனை முறை குஞ்சு தரப்படும், கிலோவுக்கு வளர்ப்புக் கூலி எவ்வளவு என்று தமிழில் எழுதி, அச்சட்டப்படி பதிவு செய்த ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே இந்நிறுவனங்களுக்கு வங்கிகள் கடன் வழங்க வேண்டும்.

- ஒரு பண்ணை விவசாயி, உடுமலைப்பேட்டை