பெட்டி வந்து சேர்ந்தது

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கு நலம். நீ, மாப்பிள்ளை, பேரன் எல்லாரும் நலமா? பஸ்ஸில் போட்டுவிட்ட மாம்பழப் பெட்டி வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம், ஆயக்குடியில் கொய்யாவையே பார்த்துக்கொண்டு கிடப்பவள்.

கிருஷ்ணகிரி ரோட்டில் உன் கடை முன்னால் வரிசையாகக் கார் நிற்கிறது என்று சித்தப்பா வந்து சொன்னான். கேட்கவே பெருமையாக இருந்தது. தராசுக்கு முத்திரை வைத்தாயிற்றா? எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் வைக்க வேண்டும். கூடையை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு அப்புறம் பழத்தைப் போடு. உனக்குத் தெரியாததில்லை. நம் கொய்யாக் கடை எடைக்கல்லின் அடிக்குழியில் ஈயம் உதிர்ந்து எடை குறைந்துபோனதை முதலில் கண்டுபிடித்தவளே நீதான். மாற்றுக்கல் வாங்கும்வரை, வந்தவர்களுக்கெல்லாம் ஒரு காய் கூடப் போட்டுக் கொடுத்தாய். அப்போது நீ பாவாடை சட்டை போட்ட பிள்ளை.

தராசைப் பார்த்துக்கொள் கண்ணு. மேலே நல்ல பழம், அடியில் அடிபட்டது என்று அடுக்குவதும் வேண்டாம்.

போனில் இதெல்லாம் பேச முடியவில்லை. நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், மாப்பிள்ளையும் பக்கத்தில் இருக்கிறார்.

அந்தப் பெட்டியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். எல்லாப் பழமும் ஒரே மஞ்சள். காம்புப் பக்கம் மூக்கை வைத்தால் வாசமே இல்லை. அறுத்தால் கொட்டையை ஒட்டி வெளிறிப்போய், ஒரே புளிப்பு. பெட்டி மூலையில் ஒரு காகிதப் பொட்டலம், உள்ளே சாம்பல் நிறப் பொடி, பூண்டு வாடை. அம்மா பார்ப்பதற்குள் எடுத்துவிட்டேன். பழம் வழியில் நசுங்கிவிட்டது என்று சொல்லிக் குப்பையில் கொட்டினேன்.

கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைக்கக் கூடாது என்று தடை இருப்பது மாப்பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் எல்லாம் கலந்திருக்கும். வைக்கோலில் வைத்தால் ஐந்தாறு நாள், கல்லில் இரண்டே நாள். வட்டிக்கு வாங்கித் தோப்பு பிடித்தவருக்கு அந்த நாட்கள் பெரிசுதான், எனக்கும் புரிகிறது. அவசரம் என்றால் எத்திலீன் வாயு அறையில் வைத்துப் பழுக்க வைக்கலாம், அதற்கு அனுமதி இருக்கிறது. மண்டியில் கேட்டுப் பார். பணம்தான் நெருக்கடி என்றால் எனக்குச் சொல், அம்மா எடுத்த சீட்டுப் பணம் அப்படியே இருக்கிறது.

எனக்கு நேர்மையாக இருப்பது சுலபம். பழனிக்கு நடந்து போகிறவர்கள் அடுத்த தைப்பூசத்துக்கும் இதே ரோட்டில்தான் வருவார்கள், காய் சொத்தையாக இருந்தால் என் முகத்துக்கு நேரே கேட்பார்கள். உன்னிடம் வாங்குகிறவன் பெங்களூரு போய்த்தான் பெட்டியைத் திறப்பான். சண்டை போட அவ்வளவு தூரம் திரும்பி வர மாட்டான். அதனால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. யாரும் கேட்க வராத இடத்தில் கடை போட்டிருக்கிறாய் கண்ணு.

மாப்பிள்ளை கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. உழைப்பாளி. நான் எழுதியதாக அவரிடம் சொல்லாதே. உன் வாயாலேயே, அவர் கோபமில்லாமல் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல். தராசு முத்திரையையும் மறக்காதே.

பதில் போனில் வேண்டாம், எழுதிப் போடு. நிறைய எழுத வேண்டாம். பேரனுக்கு எந்தப் பெட்டியிலிருந்து பழம் எடுத்துக் கொடுக்கிறாய் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா