வசந்திக்கு, தார் பாலைவனத்துக்கு வரும் முன்

ஜோத்பூர்
நவம்பர் 8

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் நேற்று வந்தது. பெரியவளுக்குச் சுகப்பிரசவம், பேத்தி, தாயும் சேயும் நலம் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. மூன்று மாதம் ஆனதும் போட்டோ அனுப்பு. இங்கே எல்லாரும் சௌக்கியம். விடிகாலையில் லேசாகக் குளிர ஆரம்பித்திருக்கிறது.

டிசம்பரில் நீயும் அண்ணாவும் வரப்போகும் திட்டத்தைப் படித்தேன். ஜெய்சல்மேர் கோட்டை, சாம் மணல்மேடு, ஒரு ராத்திரி கூடாரம், மறுநாள் திரும்ப ரயில். இரண்டு நாளுக்கு மேல் ரயிலில் உட்கார்ந்து வந்துவிட்டு இவ்வளவுதான் பார்ப்பது என்றால் எனக்கு மனசு ஒப்பவில்லை. கோட்டையைப் பார், அது பார்க்க வேண்டியதுதான். சாம் மணல்மேட்டை விட்டுவிடு. அங்கே சாயங்காலமானால் ஜீப்பும் ஒலிபெருக்கியுமாக இருக்கும், மணல் இருப்பதே தெரியாது. அந்த நேரத்தை வேறு இடங்களுக்குக் கொடு. ஆறு நாள் வண்டி வைத்துக்கொண்டால் ஜோத்பூரில் கிளம்பி ஒரு வட்டமடித்து ஜோத்பூருக்கே வந்துவிடலாம்.

இந்தப் பக்கத்து ஊர்களைத் தண்ணீரை வைத்துத்தான் படிக்க வேண்டும். ஊர்ப் பெயர் ‘சர்’ என்று முடிந்தால் அங்கே ஒரு குளமோ ஏரியோ இருந்திருக்கும். ‘நாடி’ என்றால் இங்கே மழைநீர் தேங்கும் ஊர்க்குளம், நம் ஊருணி மாதிரி. ஜெய்சல்மேரில் வருஷத்துக்கு 150 முதல் 200 மில்லிமீட்டர் மழைதான். அதை வைத்துக்கொண்டு கோயில் கட்டி, ஊர் கட்டி, கோதுமையும் விளைத்திருக்கிறார்கள். எந்த ஊரில் இறங்கினாலும் ‘தண்ணீர் எங்கே?’ என்று முதலில் தேடு. மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதல் நாள் ஓசியான். ஜோத்பூரிலிருந்து 65 கி.மீ. எல்லாரும் படியேறி சச்சியாய் மாதா கோயிலைப் பார்த்துவிட்டு வண்டி ஏறிவிடுவார்கள். சாலையோரமாகவே மூன்று ஹரிஹரர் கோயில்கள் நிற்கின்றன. எட்டாம் நூற்றாண்டை ஒட்டியவை, கூட்டமே இருக்காது. அவற்றுக்கு ஒரு மணி நேரம் கொடு. சுவரில் ஒரே உருவத்தில் பாதி சிவன், பாதி திருமால், நம் சங்கரநாராயணரேதான். மகாவீரர் கோயிலும் அதே பிரதிஹார அரசர்கள் காலம்தான். அங்கே தோல் பெல்ட், தோல் பர்ஸ் உள்ளே விடமாட்டார்கள், அண்ணாவிடம் முன்னமே சொல்லிவிடு. கிளம்பும் முன் ஊருக்குள் இருக்கும் பழைய படிக்கிணற்றையும் கேட்டுப் பார்த்துவிடு.

அன்றைக்கு ராத்திரி பலோடியில் தங்க வேண்டும். 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவான ஊர் அது. டிசம்பரில் கம்பளி கேட்கும். அங்கே தங்கச் சொல்வது கிச்சன் என்ற கிராமத்துக்காக. பலோடியிலிருந்து நாலைந்து கி.மீ.தான்.

கிச்சனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், இதைத் தவறவிட்டால் எனக்கு வருத்தம். மங்கோலியா, மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வரும் கொக்குகளை இங்கே குர்ஜா என்பார்கள். சாம்பல் உடம்பு, கறுத்த கழுத்து, கண்ணோரத்தில் பின்னுக்கு வளைந்த வெள்ளை இறகுக் கற்றை. மழைக்காலம் முடியும்போது வந்து மார்ச் வரை இருக்கும். டிசம்பரில் ஆயிரக்கணக்கில் பார்க்கலாம். ஊர் ஜனங்கள், குறிப்பாக ஜைனக் குடும்பங்கள், ‘சுக்கா கர்’ என்ற வேலியிட்ட திடலில் தினமும் தானியம் தூவுகிறார்கள். சூரியன் கிளம்பியதும் பறவைகள் மேலே வட்டமடித்துப் பிறகு கூட்டம் கூட்டமாக இறங்கும். அதனால் விடியும் முன்பே போய்விடு. பத்து மணிக்கு மேல் போகிறவர்கள் காலித் திடலைப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமே இல்லை’ என்று திரும்புகிறார்கள். பறவைகள் அப்போது தண்ணீர் குடிக்கப் போயிருக்கும். ராத்ரி நாடி, விஜய்சாகர் என்று இரண்டு குளங்கள். காலையில் திடல், வெயில் ஏறியதும் குளக்கரை என்று வைத்துக்கொண்டால் இரண்டும் கிடைக்கும். இந்த நீர்நிலைகளுக்குத்தான் 2025 ஜூனில், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் வந்தது.

திடலுக்குப் பக்கத்து வீட்டு மாடிகளிலிருந்து பார்ப்பது வழக்கம். கேட்டுவிட்டு ஏறு. சிவப்பு, மஞ்சள் புடவை வேண்டாம். கைதட்டுவது, பறக்கவைத்துப் படமெடுப்பது கூடவே கூடாது. கலைந்து பறக்கும் கூட்டம் மின்கம்பியில் மோதும். தின்ன வந்த இடத்தில் ஒரு பறவை அப்படிச் சாவதைப் போலக் கொடுமை வேறில்லை.

பலோடியிலிருந்து ராம்தேவ்ரா, பொக்ரான் வழியாக ஜெய்சல்மேர். பொக்ரான் கோட்டை சிறியது, அரை மணி நேரம் போதும். அணுகுண்டுச் சோதனை நடந்த இடத்தைக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே, அது ராணுவப் பகுதி.

மூன்றாம் நாள் குல்தாரா. ஜெய்சல்மேரிலிருந்து 18 கி.மீ. வழிகாட்டிகள் எல்லாரும் பேய்க்கதை சொல்வார்கள். திவான் சாலிம் சிங்கின் கொடுமைக்கு அஞ்சி 84 கிராமத்துப் பாலிவால் பிராமணர்கள் ஒரே ராத்திரியில் போய்விட்டார்கள், சாபம் விட்டுவிட்டார்கள் என்று. கிணறுகள் வற்றியது, வரிச்சுமை, நிலநடுக்கம் என்று ஆராய்ச்சியாளர்கள் வேறு காரணங்களும் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அவர்கள் ஏன் போனார்கள் என்பதைவிட, இந்தக் கல்தரையில் நூற்றாண்டுக் கணக்கில் எப்படி வாழ்ந்தார்கள் என்பதுதான் பார்க்க வேண்டியது.

அதற்கு விடை கடீன். சுற்றிலும் பாறைச் சரிவு, நடுவில் தாழ்வான வண்டல் நிலம். சரிவு முடியும் இடத்தில் குறுக்கே மண்கரை போடுவார்கள், நூறு முதல் முந்நூறு மீட்டர் நீளம். பாறையில் விழுந்த மழை அத்தனையும் ஓடி வந்து கரைக்குள் தேங்கும். ஒரு பங்கு வயலுக்குச் சுமார் பதினைந்து பங்கு நீர்ப்பிடிப்பு நிலம் வேண்டும். தேங்கிய தண்ணீர் நவம்பர் வரை மெல்ல மண்ணுக்குள் இறங்கும். அடியில் இறுகிய படலம் இருப்பதால் அதற்குக் கீழே போகாது. மீந்த தண்ணீரை மதகு வழியே வடித்துவிட்டு, ஈரம் காயுமுன் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைத்தால் பிறகு ஒரு பாசனம்கூடத் தேவையில்லை, மார்ச்சில் அறுவடை. கெட்டுப்போவது இரண்டு வகையில்: உபரி நீர் வழியும் கலிங்கைப் பராமரிக்காவிட்டால் ஒரு பெருமழையில் கரை உடையும், தண்ணீரை வடிக்காமல் விட்டால் உப்பு மேலே வந்து நிலம் வீணாகும். மழை நன்றாகப் பெய்த வருஷத்தில், டிசம்பரில் குல்தாராவிலிருந்து காபா கோட்டைப் பக்கம் போகும்போது இருபுறமும் கவனி. வெறும் கல்லுக்கு நடுவே பச்சைப் பாய் விரித்த மாதிரி கோதுமைப் பயிர் தெரிந்தால் அதுதான் கடீன். வண்டியை நிறுத்தி இறங்கிப் பார், கரைமேல் நட. பயிருக்குள் கால் வைக்காதே.

காபா கோட்டை சிறியது. மேலிருந்து பார்த்தால் கீழே பாலிவால்களின் கூரையில்லாத வீடுகள் வரிசை வரிசையாகத் தெரியும். குல்தாராவைவிட இங்கேதான் ஊரின் அமைப்பு நன்றாகப் புரியும். அங்கிருந்து மாலைக்குள் கூரி போய்விடலாம். ஜெய்சல்மேரிலிருந்து 45 கி.மீ. சொச்சம். மணல்மேடு சாமில் இருப்பதை விடச் சிறியதுதான், ஆனால் ராத்திரியில் நட்சத்திரம் தெரியும், சத்தமில்லை.

ஒட்டகம் ஏறுவதானால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், தொடை பிடித்துக்கொள்ளும். அது எழும்போது பின்னங்காலைத்தான் முதலில் தூக்கும், நீ முன்னால் சரிவாய். உட்காரும்போது முன்முட்டியை முதலில் மடக்கும், அப்போதும் முன்னால்தான். இரண்டு தடவையும் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, சேணத்தின் முன்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். வாடகைக் காரை மணலில் இறக்க விடாதே. இறங்கிச் சக்கரம் புதைந்துவிட்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் ஆழமாகத்தான் போகும். நாலு டயரிலும் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்து, சக்கரத்தடியில் மணலை வாரிவிட்டு, கால்மிதியைக் கொடுத்து, வந்த தடத்திலேயே பின்னால் எடுக்க வேண்டும். தார்ச்சாலை ஏறியதும் மறுபடி காற்றடிக்காமல் வேகமாக ஓட்டினால் டயர் சூடாகி வெடிக்கும், அதனால் வண்டியில் பம்ப் இருக்கிறதா என்று கிளம்பும்போதே பார்க்கச் சொல்.

நாலாம் நாள் தனோட், லோங்கேவாலா என்று அண்ணா ஆசைப்படுகிறார் என்று எழுதியிருந்தாய். போய் வரலாம், சுற்றி முந்நூறு கி.மீ. வரும். தனோட் கோயிலை எல்லைக் காவல் படை பார்த்துக்கொள்கிறது, 1965ல் விழுந்து வெடிக்காத குண்டுகளை வைத்திருக்கிறார்கள். லோங்கேவாலாவில் 1971 டிசம்பர் போரின் டாங்கிகள். ஆதார் அசல் இரண்டு பேருக்கும் வேண்டும், பெட்ரோலை ஜெய்சல்மேரிலேயே நிரப்பிவிட வேண்டும். போகும் வழியில் லோதுர்வா. 1156ல் ஜெய்சல்மேர் கட்டப்படும் முன் பட்டி ராஜபுத்திரர்களின் தலைநகர் அதுதான். இப்போது ஜைனக் கோயில் மட்டும் நிற்கிறது, அதன் தோரணவாயிலை நிதானமாகப் பார்.

வழியில் கானமயிலைப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாய். இங்கே கோடாவண் என்பார்கள். தமிழ்நாட்டிலும் ஒரு காலத்தில் இருந்த பறவை, இப்போது நாடு முழுக்க மிஞ்சியதே நூற்றைம்பது அளவில்தான். பாலைவனத் தேசியப் பூங்காவுக்கு வனத்துறை அனுமதி வாங்கிப் போகலாம். பார்த்தே தீர வேண்டும் என்று டிரைவரை நெருக்கிப் புல்வெளிக்குள் வண்டியை விடச் செய்யாதே. தரையில் முட்டையிடும் பறவை அது.

ஐந்தாம் நாள் பார்மேர் சாலையில் 17 கி.மீ. போனால் ஆகல். 18 கோடி வருஷத்துக்கு முந்திய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. நீளமான ஒரு தண்டு 13 மீட்டர். தார் ஒரு காலத்தில் அடர்ந்த காடு, பக்கத்தில் கடல். கிளிஞ்சல் படிவமும் கண்ணில் படும், துண்டு எதையும் எடுக்கக் கூடாது. நிழலே இல்லாத இடம், ஒன்பது மணிக்கு முன் போய்விடு.

பார்மேரில் தங்கி மறுநாள் காலை கிராடு. 35 கி.மீ. ஐந்து கோயில்கள், பெரியது சோமேஸ்வரர். பதினொன்று, பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சிற்பம். அடித்தளத்து யானை, குதிரை வரிசைகளை உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்தியில் தங்கினால் கல்லாகிவிடுவோம் என்று சொல்லி மாலையில் யாரும் நிற்பதில்லை. கடை எதுவும் கிடையாது, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் சாப்பாடும் பார்மேரிலேயே கட்டிக்கொள். அங்கிருந்து ஜோத்பூர் சுமார் 240 கி.மீ.

சாப்பாட்டில் கம்பு ரொட்டியும் கேர் சாங்ரியும் தவறாமல் கேள். கேர் என்பது பாலைவன முட்புதரின் சிறு காய், சாங்ரி என்பது வன்னி மரத்துக் காய். ஆமாம், நம் ஊர்க் கோயில்களில் சுற்றி வரும் அதே வன்னிதான், இங்கே கேஜ்ரி என்று பெயர். இந்த மரத்தை வெட்ட விடாமல் 1730ல் கேஜர்லியில் பிஷ்னோய் சமூகத்தார் 363 பேர் உயிரைக் கொடுத்தார்கள். ஜோத்பூரிலிருந்து 26 கி.மீ.தான், நீ திரும்பிப் போகும் முன் ஒரு காலை போய் வரலாம். சாங்ரி வாங்கும்போது மெல்லிய, கருத்த காயாகப் பொறுக்கு. தடித்து விதை புடைத்ததென்றால் முற்றல், எவ்வளவு வேகவைத்தாலும் நாராக இருக்கும். ராத்திரி முழுக்க ஊறவைத்து, தண்ணீர் மாற்றி வேகவைத்துத்தான் தாளிக்க வேண்டும்.

பகலில் 25 டிகிரி இருந்தாலும் ராத்திரி ஐந்துக்கு இறங்கும். ஸ்வெட்டர், சால்வை, காதை மூட ஒரு குல்லா, கனமான சாக்ஸ். உதடு வெடிக்கும், தேங்காயெண்ணெய் எடுத்து வா, குளிரில் உறைந்துவிடும் என்பதால் வாயகன்ற டப்பாவில் ஊற்று. மன்னார்குடி வண்டி பகத் கி கோட்டி நிலையத்தோடு நின்றுவிடும், ஜோத்பூர் ஜங்ஷன் வேறு. அங்கேயே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

இப்போதைக்கு எனக்கு வேண்டியது உன் தேதிதான். கல்யாண சீசன், நல்ல டிரைவர்கள் எல்லாம் பறந்துவிடுவார்கள். 20ஆம் தேதிக்குள் எழுது. வரும்போது மோரில் போட்ட சுண்டைக்காய் வற்றல் கால் கிலோ கொண்டு வா. இங்கே கேரையும் அப்படித்தான் மோரில் ஊறப்போட்டுக் கசப்பை எடுப்பார்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டுப் பார்ப்போம்.

அண்ணாவுக்கு என் நமஸ்காரம். குழந்தைக்கு முத்தம்.

அன்புடன்,
ராஜி